பார்பிக்யூ அடுப்பின் பாகங்கள் சொல்லும் வரலாறு



கோடை பிறந்துவிட்டால் ரொறன்ரோவிலும் சுற்றுப்புற நகரங்களிலும் எம்மவர் வீடுகளின் பின்வளவுகளில் பார்பிக்யூ அடுப்புகளின் போர்வை நீங்கிவிடும். தூளும் உப்பும் தேசிக்காய்ப் புளியும் பிரட்டிய கோழிக்கால், இறால், சோளப்பொத்தி என்று எமது கைப்பக்குவமும் அதன்மேல் ஏறிவிட்டது. விறகும் பனைமட்டையும் தென்னம்பாளையும் எரித்துச் சமைத்த ஒரு சமூகம், ஒரு தலைமுறைக்குள் இந்த எரிவாயு அடுப்பைத் தனதாக்கிக் கொண்டது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விறகடுப்பைப் பற்றி எமக்கு எவரும் எழுதித் தரவில்லை. அம்மாவையும் அம்மம்மாவையும் பார்த்தே பழகினோம். எரிவாயு அடுப்பை அப்படிப் பார்த்துப் பழக எமக்கு முன்னால் ஒரு தலைமுறை இருக்கவில்லை. அடுப்போடு வந்த ஆங்கிலக் கையேடு பல வீடுகளில் பெட்டியோடு சேர்ந்து குப்பைக்குப் போயிருக்கும். அந்த அடுப்பின் சின்னச் சின்னப் பாகங்களும் சட்டங்களும் எப்படி வந்தன என்று பார்த்தால், அவற்றுள் பல எங்கோ நடந்த ஒரு விபத்தின் பின்னர் வந்தவை என்பது புரியும். காரணம் தெரிந்த விதியை மனிதர் மறப்பதில்லை. இம்மாத உரை அந்த வரலாற்றைப் பற்றியது.

முதலில் வாயுவின் கதை. 1910ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில், வாங்கிய பெற்றோல் தாங்கியிலிருந்து தானாக ஆவியாகிப் போகிறது என்று கார் வைத்திருந்த ஒருவர் முறையிட்டார். வோல்ற்றர் ஸ்னெலிங் என்ற அரசாங்க இரசாயனவியலாளர் அதை ஆராய்ந்தபோது, ஆவியாகிப் போனவற்றுள் புறொப்பேன் இருப்பதைக் கண்டார். சாதாரண அமுக்கத்தில் சைபருக்குக் கீழே 42 பாகை செல்சியசிலேயே கொதித்து வாயுவாகிவிடும் பொருள் அது. அமுக்கி அடைத்தால் திரவமாக அடங்கிவிடும். வெளியே விட்டால் ஒரு போத்தல் திரவம் ஏறத்தாழ 270 போத்தல் வாயுவாக விரியும். சிறிய சிலிண்டரில் பெரிய நெருப்பை அடைத்துக் கொண்டுபோகலாம் என்பதே இதன் பொருள். அதன் நன்மையும் ஆபத்தும் அந்த 270 என்ற ஒரே எண்ணிலேயே இருக்கின்றன.

அடுத்தது அடுப்பு. 1952இல் சிக்காகோவில் ஓர் உலோகத் தொழிற்சாலையில் வேலை செய்த ஜோர்ஜ் ஸ்ரீவன் என்பவர், கடலில் மிதக்கவிடும் உலோக மிதவையைக் குறுக்கே வெட்டி, மூடியுள்ள கரியடுப்பு ஒன்றைச் செய்தார. இன்றும் கடைகளில் காணும் உருண்டை அடுப்பின் மூலம் அதுதான். 1950களிலும் 60களிலும் கரிக்குப் பதிலாக எரிவாயுவில் இயங்கும் அடுப்புகள் வந்தன. எரிவாயு விற்ற கம்பனிகளே அவற்றை முன்னின்று பரப்பின. கரியைப் பற்றவைத்து ஊதிக்கொண்டு காத்திருந்த வேலை, ஒரு குமிழைத் திருப்புவதோடு முடிந்தது.

இனி, அந்த மணம். புறொப்பேனுக்கு இயற்கையில் மணமே இல்லை. நாம் உணரும் அழுகிய முட்டை போன்ற நாற்றம் வேண்டுமென்றே சேர்க்கப்படுவது. எரிவாயுவுக்கு மணமூட்டும் வழக்கம் முன்னரே சில இடங்களில் இருந்தாலும், அது சட்டமாவதற்கு ஒரு பெருந்துயர் காரணமாயிற்று. 1937 மார்ச் 18ஆம் திகதி ரெக்சஸ் மாநிலத்தின் நியூ லண்டன் என்ற ஊரில் பாடசாலை விடுவதற்குச் சில நிமிடங்களே இருந்தன. செலவைக் குறைக்கவென, எண்ணெய் வயலின் கழிவு வாயுக் குழாயிலிருந்து அந்தப் பாடசாலைக்கு இணைப்பு எடுக்கப்பட்டிருந்தது. கட்டடத்தின் அடியில் கசிந்து தேங்கிய வாயுவை ஒருவரும் மணக்கவில்லை. தொழிற்கல்வி வகுப்பில் ஒரு மின்கருவியை இயக்கியபோது எழுந்த பொறியில் கட்டடமே வெடித்து உயர்ந்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தனர். பெரும்பாலானோர் பிள்ளைகள். சில வாரங்களுக்குள் வாயுவுக்கு மணம் சேர்க்க வேண்டும் என்ற சட்டம் ரெக்சசில் வந்தது. பின்னர் அந்த வழக்கம் உலகெங்கும் பரவியது. புறொப்பேனில் பொதுவாகச் சேர்க்கப்படும் பொருளுக்கு எதைல் மெர்கப்டன் என்று பெயர்.

ஆகவே அந்த நாற்றம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலையைத் தொடராதீர்கள். சிலிண்டரின் வால்வைப் பூட்டுங்கள். நாற்றம் நிற்காவிட்டால் எல்லோரும் தூர விலகித் தீயணைப்புப் படையினரை அழையுங்கள். வயது போனவர்களுக்கு மணம் அறியும் சக்தி குறைவது இயல்பு. அப்பா, அம்மப்பா தனியே நின்று அடுப்பு மூட்டும் வீடுகளில் இதை நினைவில் வைத்திருங்கள். மூக்கை மட்டும் நம்பாமல் வசந்தத்தில் முதல்முறை மூட்டும்போதும், சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும், சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் இணைப்பிலும் றப்பர் குழாயிலும் பூசி, வால்வைத் திறந்து பாருங்கள். குமிழி வந்தால் கசிவு உண்டு. நெருப்புக்குச்சி பிடித்துப் பார்ப்பது ஒருபோதும் வேண்டாம்.

சிலிண்டரும் அதன் இணைப்பும் இதேபோல் மாறி வந்தவைதான். பழைய சிலிண்டர்களின் இணைப்பு இடப்பக்கமாகத் திருகி இறுக்குவது. குறடு இல்லாமல் சரியாக இறுகாது. 1995 ஒக்ரோபருக்குப் பின்னர் அமெரிக்காவில் தயாரான அடுப்புகளில் புதிய ஏற்பாடுகள் வந்தன. கையாலேயே வலப்பக்கம் திருகும் பெரிய பிளாஸ்ரிக் சுரை வந்தது. இணைப்புச் சரியாகப் பொருந்தாவிட்டால் வாயு வராது. குழாய் அறுந்தால் வாயுவின் ஓட்டம் தானாகக் குறைந்துவிடும். பக்கத்தில் தீப்பிடித்துச் சூடேறினால் இணைப்பு இளகி வாயுவை நிறுத்திவிடும். அந்தச் சுரை பிளாஸ்ரிக்கில் இருப்பது செலவைக் குறைக்க அல்ல.

இதனோடு சேர்ந்த ஒரு பயனுள்ள தகவல். சிலர் அடுப்பின் குமிழ்களைத் திறந்துவிட்டுச் சிலிண்டர் வால்வைச் சடாரென்று திறப்பார்கள். குழாய் அறுந்துவிட்டது என்று எண்ணி அந்தப் பாதுகாப்புப் பாகம் வாயுவைக் கட்டுப்படுத்தும். சுவாலை சிறிதாகவே எரியும். சிலிண்டர் முடிந்துவிட்டது என்று அதைக் கொண்டுபோய் மாற்றுபவர்களும் உண்டு. எல்லாவற்றையும் பூட்டி, இணைப்பைக் கழற்றிச் சற்றுப் பொறுத்து மீண்டும் பூட்டி, முதலில் வால்வை மெதுவாகத் திறந்தால் சரியாகிவிடும்.

சிலிண்டரை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. வெயிலில் திரவம் விரிய இடம் வேண்டும். அளவுக்கு மேல் நிரப்புவதைத் தடுக்க வால்வுக்குள் ஒரு மிதவை வைக்கும் முறை 1998இல் அமெரிக்க விதிகளில் வந்தது. 2002 ஏப்ரல் 1 முதல், அந்த மிதவை இல்லாத 20 இறாத்தல் சிலிண்டரை அங்கு நிரப்புவதே தடை. கனடாவில் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை சிலிண்டரை மீளப் பரிசோதிக்க வேண்டும். கழுத்துப் பட்டியில் மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய சிலிண்டரை இனாமாக வாங்குமுன் அதைப் பாருங்கள்.

இனிச் சுத்தம். இறைச்சிக் கொழுப்பு உருகி அடித்தட்டில் சேர்ந்து, ஒருநாள் தானே எரியத் தொடங்கும். அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் பார்பிக்யூ தீவிபத்துகளை ஆராய்ந்தபோது, அடுப்பைச் சுத்தம் செய்யாமல் விட்டது முதன்மைக் காரணங்களில் ஒன்றாக இருந்தது. கொழுப்பு எரிந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. எரியும் கொழுப்பைத் தண்ணீர் நாலாபக்கமும் வீசிவிடும். கை எட்டுமானால் குமிழ்களைப் பூட்டி மூடியை மூடுங்கள். எட்டாவிட்டால் விலகி நின்று உதவிக்கு அழையுங்கள்.

மாரி முழுவதும் சும்மா நிற்கும் அடுப்பில் இன்னொரு விருந்தாளியும் குடியேறும். சிலந்திக்கு எரிகுழாயின் ஒடுங்கிய வாய் பிடித்தமான இடம். காற்றும் வாயுவும் கலக்கும் அந்த வாயில் வலை அடைத்தால், வாயு முன்னே போகாமல் பின்னால் வந்து குமிழ்களின் பக்கம் எரியும். சுவாலை நீலமாக இல்லாமல் மஞ்சளாகச் சோம்பி எரிந்தால் அதைச் சந்தேகியுங்கள். வசந்தத்தில் அடுப்புக் குளிர்ந்திருக்கும்போது எரிகுழாயைக் கழற்றி, வளையக்கூடிய மெல்லிய தூரிகையால் உள்ளே துடைத்துவிடுவது நல்லது.

கம்பித் தூரிகையின் கதை மிக அண்மையது. 2012இல் அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் அறிக்கை ஒன்று, றோட் ஐலண்டில் உணவோடு கம்பித் துண்டை விழுங்கியவர்களைப் பற்றிச் சொன்னது. சிலருக்குத் தொண்டையில் குத்தியிருந்தது. சிலருக்குக் குடலே துளைபட்டிருந்தது. தூரிகையிலிருந்து உதிர்ந்த மயிர் போன்ற கம்பி தட்டில் ஒட்டியிருந்து இறைச்சிக்குள் போயிருந்தது. 2016இல் வெளியான மிசூரிப் பல்கலைக்கழக ஆய்வு, 2002 முதல் 2014 வரை அமெரிக்காவில் ஏறத்தாழ 1,700 பேர் இதற்காக அவசர சிகிச்சைக்குப் போயிருக்கலாம் எனக் கணக்கிட்டது. மரச் சுரண்டியோ, கசக்கிய அலுமினியத் தாளோ போதும். எதைப் பாவித்தாலும் கடைசியில் தட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு இறைச்சியைப் போடுங்கள்.

இவை அடுப்பைப் பற்றியவை. அது நிற்கும் இடமும் அதேயளவு முக்கியம். புறொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரமானது. கசிந்தால் மேலெழுந்து கலையாது, தாழ்ந்த இடத்தில் தேங்கும். அதனால்தான் சிலிண்டரைப் பேஸ்மன்டிலோ கராஜிலோ வைக்கக் கூடாது. தொடர்மாடியில் வசிப்பவர்கள் முதலில் கட்டட நிர்வாகத்தின் விதியை அறிய வேண்டும். அனுமதி இருந்தாலும், ஒன்ராறியோ விதியின்படி சிலிண்டரைச் சாமான் ஏற்றும் மின்தூக்கியில் கொண்டுபோக வேண்டும். அது இல்லாவிட்டால் சாதாரண மின்தூக்கியில் வேறெவரும் இல்லாமல் தனியாகப் போக வேண்டும்.

2008 ஓகஸ்ட் 10ஆம் திகதி அதிகாலை ரொறன்ரோவின் டவுன்ஸ்வியூப் பகுதியில் புறொப்பேன் நிலையம் வெடித்ததை எம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஒரு பாரவூர்தியிலிருந்து இன்னொன்றுக்கு வாயு மாற்றும்போது கசிந்தது. நிலையத்தின் ஊழியர் ஒருவர் இறந்தார். மீட்புப் பணியில் நின்ற தீயணைப்பு வீரர் ஒருவர் மாரடைப்பால் உயிரிழந்தார். ஆயிரக்கணக்கானோர் வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டனர். வெடிச்சத்தம் கேட்டுக் கையில் அகப்பட்டதோடு இரவில் ஓடிய அனுபவம் எமக்குப் புதிதல்ல. ஆனால் இது போர் அல்ல, விதியை மீறியதால் வந்தது. அதன் பின்னரே மாகாணம் புறொப்பேன் நிலையங்களுக்கான விதிகளை இறுக்கியது.

2013 டிசம்பரில் பனிமழை பெய்து ரொறன்ரோவில் இலட்சக்கணக்கானோர் மின்சாரமின்றித் தவித்தபோது, குளிர் தாங்காமல் பார்பிக்யூவை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் காபன்மொனொக்சைட்டால் பாதிக்கப்பட்டனர். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எமது ஊர்க் குசினிகளில் புகைபோக்கியும் ஓட்டு இடுக்குகளும் இருந்தன. இங்குள்ள வீடுகள் குளிருக்காக இறுக்கி அடைக்கப்பட்டவை. ஊரில் பழகியதை இங்கே அப்படியே செய்ய முடியாது.

இலங்கையும் இந்தப் பாடத்தைப் படித்தது. 2021இன் கடைசி மாதங்களில் அங்கு சமையல் வாயு சம்பந்தமான வெடிப்புகளும் தீவிபத்துகளும் நாடு முழுவதும் தொடர்ந்தன. சிலிண்டரில் புறொப்பேனின் பங்கைக் கூட்டிப் பியூட்டேனின் பங்கைக் குறைத்ததே முக்கிய காரணம் என்று ஜனாதிபதி நியமித்த குழு கண்டது. புறொப்பேன் கூடினால் அமுக்கமும் கூடும். பழைய குழாயும் இணைப்பும் அதைத் தாங்குமா என்று எவரும் சனங்களுக்குச் சொல்லவில்லை.

இந்த உரையை வாசிப்பவர்கள் வீட்டில் ஒருமுறையாவது பிள்ளைகளையும் பெரியவர்களையும் அடுப்படியில் கூட்டி, வால்வு எது, குழாய் எது, நாற்றம் வந்தால் என்ன செய்வது, மூட்டும்போது மூடி ஏன் திறந்திருக்க வேண்டும் என்று தமிழில் சொல்லிக் கொடுங்கள். மூடியிருந்தால் வாயு உள்ளே சேர்ந்து, பொறி பட்டதும் வெடிக்கும் என்பதே அதன் காரணம். விறகடுப்பை எமக்கு அம்மம்மா காட்டித் தந்தார். இந்த அடுப்பைக் காட்டிக் கொடுக்க வேண்டிய முதல் தலைமுறை நாங்கள்தான்.