வீரமாமுனிவரும் பெயர்நிலைப் பதிவும்

திருச்சபைக்குரிய சுவடி, நூல், திருவுருவம் முதலியவற்றை அட்டவணைப்படுத்துவோர் முதற்கண் எதிர்கொள்வது பெயர்ச் சிக்கலேயாகும். ஒருவர்க்கு வழங்கும் பெயர்களுள் ஒன்றைத் தலைப்பெயராக நிறுவி, ஏனையவற்றை அதனொடு பிணைக்கும் குறிப்பை ஈண்டுப் பெயர்நிலைப் பதிவு எனக் கொள்வோம். அஃது எழுதுவோர் வேலையன்று. வரலாற்றாய்வே என்பதை வீரமாமுனிவர்வழிக் காணலாம்.

இத்தாலியில் 1680ஆம் ஆண்டு பிறந்து 1747ஆம் ஆண்டு மறைந்த இயேசு சபைத் துறவியாகிய பெசுகி, தமிழகத்தில் தைரியநாதர் எனவும் வீரமாமுனிவர் எனவும் வழங்கப்பெற்றார். தேம்பாவணியும் சதுரகராதியும் (1732) வீரமாமுனிவர் பெயரால் அறியப்படுவன. ஆயின், 1738இல் தரங்கம்பாடியில் அச்சான கொடுந்தமிழ் இலக்கணத்தின் முகப்பில் நிற்பது அவர்தம் இலத்தீனப் பெயர். இரண்டையும் பிணைக்காத அட்டவணை, ஓர் ஆசிரியரை இருவராக்கிவிடும். அவர் சமய வாதத்தில் எதிர்த்த லுத்தரன் சபையார் அச்சகத்திலேயே அவர்தம் இலக்கணம் அச்சேறியது என்னும் அரிய செய்தியும் கற்போர் கண்ணிற்படாது போகும்.

ஊர்ப்பெயரும் அத்தகையதே. திருக்காவலூர்க் கலம்பகம் பாடும் ஊர் ஏலாக்குறிச்சியே. இவ்விரு பெயரையும் இணையாவிடின், நூல் ஓரிடத்தும் அது போற்றும் அடைக்கல மாதாவின் கோயில் பிறிதோரிடத்தும் கிடக்கும்.

பிரிப்பதும் இணைப்பதைப் போலவே இன்றியமையாதது. கோணாங்குப்பத்து மாதாவுக்குப் பெரியநாயகி என்பது பெயர். தஞ்சைப் பெரிய கோயில் அம்மையின் பெயரும் அதுவே. பெயரொன்றை மட்டும் நோக்கி இரண்டையும் ஒரு தலைப்பின்கீழ் அடக்குதல் பெரும்பிழை. ஆயினும், வேதியர் தமிழ் மரபினின்று பெயர் தேர்ந்த வரலாற்றை அவ்வொப்புமை உணர்த்துகின்றதாகலின், அதனைக் குறிப்பிற் சுட்டுதல் வேண்டும்.

எப்பெயரைத் தலைப்பெயராகக் கொள்வது? ஒரே வடிவத்தை எல்லா நாட்டினர்க்கும் விதியாது, அவ்வம்மொழித் தலைப்பெயர்களை ஒருங்கு பிணைக்கும் முறையைப் பன்னாட்டு நூலகங்கள் இன்று மேற்கொண்டுள்ளன. ஆகவே, தமிழ் அட்டவணை வீரமாமுனிவர் என்பதையே தலைப்பெயராகக் கொள்ளத் தடையில்லை. ஏனைய பெயர்களைக் களைதல் மட்டும் கூடாது. ஒவ்வொன்றும் எந்நூலில், எச்சுவடியில், எக்காலத்திற் காணப்படுகிறது என்பதையும் உடன் பதிதல் வேண்டும். தைரியநாதர் என்று எழுதிய கைக்கும் வீரமாமுனிவர் என்று எழுதிய கைக்கும் இடையே ஒரு வரலாறு உண்டு.

ஐயமுள்ளவிடத்து இணையாது நிறுத்துதலே தக்கது. பிரிந்து கிடப்பனவற்றைப் பின்வருவோர் இணைத்தல் எளிது. தவறாக இணைந்தவற்றைப் பிரித்தல் அரிது.