ஆய்வுப் பொருளாயிருந்தவர்கள் ஆய்வாளரான வரலாறு: ஆட்டிசமும் பல்கலைக்கழக உளவியலும்

முன்னுரை

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர், 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசத்தைத் தனியொரு நிலையாக மருத்துவ உலகம் காணத் தொடங்கியது அதன் வழியாகத்தான். அதில் முதலாவதாக வரும் சிறுவனைப் பற்றிய விவரங்களில் கணிசமான பகுதி, அவனுடைய தந்தை எழுதியனுப்பிய 33 பக்கக் கடிதத்திலிருந்து பெறப்பட்டது. மருத்துவர் கண்டதும் பெற்றோர் சொன்னதும் சேர்ந்து அக்கட்டுரை ஆயிற்று. அக்குழந்தைகள் தம் உலகை எவ்வாறு உணர்ந்தனர் என்ற கேள்விக்கு அதில் இடம் இருக்கவில்லை.

இன்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கனடாவிலும் ஆட்டிசம் உடையவர்களே ஆய்வுக் கேள்வியை வகுக்கிறார்கள், வினாப்படிவத்தைத் திருத்துகிறார்கள், முடிவுகளைத் தம் பெயரில் வெளியிடுகிறார்கள். இந்த மாற்றத்தைப் பல்கலைக்கழகங்களின் பெருந்தன்மையாக விளக்குவோர் உண்டு. வரலாறு வேறு கதையைச் சொல்கிறது. இது போராடிப் பெற்ற இடம். அந்த இடம் கிடைத்த பிறகு உளவியலின் கேள்விகள் மாறின, அளவுகோல்கள் மாறின, சில முடிவுகளும் மாறின. பங்கேற்பு ஆய்வறத்தின் தேவையாக இருப்பதோடு அறிவின் துல்லியத்துக்கும் தேவையானது என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

பிறர் பேசிய காலம்

கானருக்குப் பின் வந்த கால் நூற்றாண்டில் பழி தாய்மார் மீது விழுந்தது. சிகாகோவைச் சேர்ந்த புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல், தாயின் அன்பின்மையே குழந்தையை உள்ளொடுங்கச் செய்கிறது என்ற எண்ணத்தைப் பரவலாக்கியது. அந்தப் பழியைத் தகர்த்தவர்கள் பெற்றோர்தாம். பிரிட்டனில் 1962இல் பெற்றோர் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். அதுவே இன்றைய தேசிய ஆட்டிசச் சங்கம். அமெரிக்காவில் உளவியலாளரும் தந்தையுமான பெர்னார்ட் ரிம்லாண்ட், ஆட்டிசம் உடலியல் வேர் கொண்டது என்று 1964இல் வாதிட்டார். ஆட்டிசம் உடைய மகளின் தாயான மனநல மருத்துவர் லோர்னா விங், ஜூடித் கூல்டுடன் சேர்ந்து லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் நடத்திய ஆய்வு 1979இல் வெளிவந்தது. ஆட்டிசத்தைப் பல நிறங்கள் கொண்ட நிறமாலையாகப் பார்க்கும் பார்வைக்கு அந்த ஆய்வு அடிகோலியது. அனுபவத்தின் வழி வந்த அறிவு ஆய்வை மாற்ற வல்லது என்பதற்கு முதல் சான்று தந்தவர்கள் பெற்றோர். ஆனாலும் அது பெற்றோரின் அனுபவமே.

பிள்ளைகளின் சொல் மதிப்புப் பெறாததற்கு அக்காலக் கோட்பாடுகளும் காரணம். சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃப்ரித் மூவரும் 1985இல் வெளியிட்ட சோதனையில், பொம்மை ஒன்று தன் கோலிக்குண்டை எங்கே தேடும் என்று குழந்தைகளிடம் கேட்கப்பட்டது. ஆட்டிசம் உடைய 20 குழந்தைகளில் 16 பேர் தவறாக விடையளித்தனர். பிறர் மனத்தை அறியும் திறன் இவர்களிடம் குன்றியிருக்கிறது என்ற முடிவு பாடநூல்களில் ஏறியது. அது தன் மனத்தை அறியும் திறனுக்கும் நீட்டப்பட்டபோது, ஆட்டிசம் உடைய ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்லும் எதையும் ஐயத்தோடு கேட்கும் வழக்கம் உண்டாயிற்று. சாட்சி பேசுமுன்னரே சாட்சியம் செல்லாது என்றாகிவிட்டது.

சிகிச்சை ஆய்விலும் இதே நிலை. கலிஃபோர்னியாவின் ஓ. ஐவார் லோவாஸ், தீவிர நடத்தைப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் இயல்பான அறிவுத்திறனும் பள்ளிச் செயல்பாடும் எய்தியதாக 1987இல் அறிவித்தார். மற்றக் குழந்தைகளிலிருந்து பிரித்தறிய முடியாதபடி ஆவதே வெற்றியின் அளவாக அமைந்தது. அந்த வெற்றிக்காகக் குழந்தை என்ன விலை கொடுத்தது என்பது அளக்கப்படவில்லை.

லே கோர்ட் இல்லத்துப் பாடம்

ஆய்வு யாருக்கு உரியது என்ற கேள்வி முதலில் எழுந்தது உடல் ஊனமுற்றோர் இயக்கத்தில். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் லே கோர்ட் என்ற பராமரிப்பு இல்லம் இருந்தது. எப்போது உறங்குவது முதல் நிர்வாகத்தில் தமக்குள்ள பங்கு வரை தம் வாழ்வின் மீது உரிமை கோரி அங்கு வாழ்ந்தவர்கள் போராடினர். ஆய்வாளர்கள் வந்து பார்த்தால் தம் பக்கத்து நியாயம் உலகுக்குத் தெரியும் என்று நம்பி, 1960களில் அவர்களே அழைப்பும் விடுத்தனர். லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் எரிக் மில்லரும் ஜெரால்டின் குவினும் செய்த அந்த ஆய்வு 1972இல் நூலாயிற்று. இல்லவாசிகளைச் சமூக அளவில் இறந்தவர்களாக வருணித்த அந்நூல், இல்லம் என்ற அமைப்பைக் கேள்விக்குட்படுத்தாமல், அதை இன்னும் நன்றாக நடத்தும் வழிகளைப் பேசியது.

இல்லவாசிகளுள் ஒருவரான பால் ஹன்ட் எழுதிய கடும் மறுப்பு, அவர் 1979இல் மறைந்த பிறகு 1981இல் அச்சேறியது. நடுநிலை என்ற பெயரில் ஆய்வாளர்கள் அதிகாரத்தின் பக்கம் நின்றார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. 1972இல் அவர் விடுத்த அழைப்பிலிருந்து பிறந்த அமைப்பு, ஊனத்தை உடலில் தேடாமல் சமூகம் எழுப்பும் தடைகளில் தேடச் சொன்னது. அம்மரபில் வந்த மைக் ஆலிவர் 1992இல் எழுதிய கட்டுரை, ஆய்வு உற்பத்தியாகும் உறவுமுறையே மாற வேண்டும் என்றது. ஆய்வுக்குள்ளாவோரின் கட்டுப்பாட்டில் ஆய்வாளரின் திறமை இயங்க வேண்டும் என்பது அதன் சாரம். பங்கேற்பு என்ற பெயரில் நடப்பவை எல்லாம் ஒரே தரத்தன அல்ல என்பதை, நகரத் திட்டமிடலை முன்வைத்து ஷெரி ஆர்ன்ஸ்டீன் 1969இலேயே எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்திருந்தார். பிற்காலப் பங்கேற்பு ஆய்வாளர்கள் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள அவ்வேணி உதவியது.

தாமே பேசத் தொடங்கியவர்கள்

டெம்பிள் கிராண்டினின் தன்வரலாறு 1986இல் வெளிவந்தபோது, ஆட்டிசத்தை உள்ளிருந்து ஒருவர் விவரிக்க முடியும் என்பதே பலருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. 1992இல் ஜிம் சின்க்ளேர், டோனா வில்லியம்ஸ் முதலியோர் ஆட்டிசம் உடையவர்களே நடத்தும் அமைப்பொன்றைத் தொடங்கினர். மறு ஆண்டு டொராண்டோ மாநாட்டில் சின்க்ளேர் ஆற்றிய உரை, எங்களுக்காகத் துக்கம் காக்காதீர்கள் என்று பெற்றோரிடம் கேட்டுக்கொண்டது. 1996 முதல் ஆண்டுதோறும் சந்திப்புகள் நடந்தன. முகம் பார்த்துப் பேசும் நெருக்கடி இல்லாத இணையக் குழுக்கள், கடல் கடந்து வாழ்ந்தவர்களைப் பிணைத்தன. மூளைகள் பலவகை, அவ்வேறுபாடு மனித இனத்தின் இயல்பு என்ற நரம்பியல் பன்மைக் கருத்து அந்த உரையாடல்களில் உருவாயிற்று. சிட்னியில் ஜூடி சிங்கர் 1998இல் அளித்த ஆய்வேடு அதைக் கல்வியுலகுக்குள் கொண்டுவந்தது. அதைத் தனியொருவரின் கண்டுபிடிப்பாகக் கொள்ளாமல் ஒரு சமூகத்தின் கூட்டு ஆக்கமாகக் காண்பதே பொருத்தம் என்று அண்மைக்கால ஆய்வாளர்கள் வாதிடுகின்றனர்.

மான்ட்ரியல்: அளவுகோல் மாறியபோது

பங்கேற்பு ஓர் உளவியல் முடிவையே புரட்டிப்போட்டதற்கு மான்ட்ரியல் தெளிவான எடுத்துக்காட்டு. மிஷெல் டாசன் கனடா அஞ்சல் துறை ஊழியராக இருந்தவர், ஆட்டிசம் உடையவர். ஆய்வுக் கட்டுரைகளை இடைவிடாது படித்து அவற்றின் முறையியல் ஓட்டைகளைச் சுட்டியவர். மனநல மருத்துவர் லோரான் மொத்ரோன் அவரைத் தம் குழுவில் இணைத்துக்கொண்டார். டாசனை முதல் ஆசிரியராகக் கொண்டு 2007இல் வெளிவந்த கட்டுரை ஒரு நேரடியான கேள்வியைக் கேட்டது: ஆட்டிசம் உடையவர்களின் அறிவுத்திறனை அளக்க நாம் கையாளும் சோதனை சரியானதுதானா?

வழக்கமான வெக்ஸ்லர் சோதனையின் பல பகுதிகள் வாய்மொழிக் கேள்விகளால் ஆனவை. ரேவன் சோதனையோ வடிவங்களின் ஒழுங்கைக் கண்டறியச் சொல்வது. உயர்நிலைச் சிந்தனையின் சோதனையாக உளவியல் அதை மதிக்கிறது. ஆட்டிசம் உடைய 38 குழந்தைகள் வெக்ஸ்லரைவிட ரேவனில் சராசரியாக 30 நூற்றுமான புள்ளிகள் உயர்ந்து நின்றனர். சிலருக்கு அந்த வேறுபாடு 70 புள்ளிகளைத் தாண்டியது. ஒப்பீட்டுக் குழுக் குழந்தைகளிடம் இத்தகைய இடைவெளி காணப்படவில்லை. மந்த அறிவு என்று பதிவானவற்றுள் எவ்வளவு குழந்தையுடையது, எவ்வளவு அளவுகோலுடையது என்ற கேள்வியை இனி எவரும் தவிர்க்க முடியாது.

போர்ட்லாண்ட்: கூட்டுழைப்புக்கு ஒரு முறைமை

தனிப்பட்ட கூட்டணியாக மான்ட்ரியலில் இருந்தது, 2006இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் நிறுவன வடிவம் பெற்றது. மருத்துவரும் ஆட்டிசம் உடைய பிள்ளையின் தாயுமான கிறிஸ்டினா நிக்கொலாய்டிஸ், ஆட்டிசம் உடைய ஆய்வாளர் டோரா ரேமேக்கர் இருவரும் சேர்ந்து ஆஸ்பயர் என்ற கூட்டமைப்பைத் தொடங்கினர். கேள்வியைத் தேர்வதிலிருந்து முடிவை வெளியிடுவது வரை இரு தரப்பும் சம பங்காளிகள் என்பது அதன் அடிப்படை விதி.

விதியை எழுதுவது எளிது. அதை நடைமுறையாக்க அவர்கள் பணி நடக்கும் முறையையே மாற்ற வேண்டியிருந்தது. கூட்டங்கள் பெரும்பாலும் எழுத்து அரட்டை வழியே நடந்தன. வாய்ப்பேச்சின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாதவரும் சமமாகக் கலந்துகொண்டனர். நிகழ்ச்சிநிரல் முன்கூட்டியே அனுப்பப்பட்டது. ஒரு முடிவை யார் எவ்வளவு ஏற்கிறார் என்பதை ஐந்து விரல் கணக்கில் தெரிவிக்கும் முறையால், மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படுவது தவிர்க்கப்பட்டது. வினாப்படிவங்களில் பொருள் தெளிவற்ற சொற்களுக்கு விளக்கம் சேர்க்கப்பட்டது.

அவர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு, ஆட்டிசம் உடைய 209 பேரின் மருத்துவ அனுபவத்தைப் பிறர் 228 பேரின் அனுபவத்தோடு ஒப்பிட்டது. முன்னவரிடம் நிறைவேறாத மருத்துவத் தேவைகள் மிகுதி. அவசரப் பிரிவை நாடியதும் மிகுதி. அத்தோடு நில்லாமல், மருத்துவரும் நோயாளியும் பயன்படுத்தக் கூடிய கருவித் தொகுப்பையும் உருவாக்கினர். 2020இல் ரேமேக்கர் தலைமையில் வந்த கட்டுரை, ஆட்டிசம் உடையவர்கள் நெடுங்காலமாகத் தமக்குள் பேசிவந்த கடும் சோர்வு நிலையை ஆய்வுலகின் முன் வைத்தது. மாதக்கணக்கில் நீளும் களைப்பு, கைவந்த திறன்கள் நழுவுதல், ஒலி ஒளி முதலியவற்றைத் தாங்கும் ஆற்றல் குறைதல் என அது வரையறுக்கப்பட்டது. தம் இயல்பை மறைத்து ஓயாமல் முகமூடி அணிந்து வாழ்வதன் விலை, கடைசியில் ஆய்வில் பதிவாயிற்று.

பிரிட்டன்: பணமும் கேள்விகளும்

லண்டனில் லிஸ் பெலிகானோ, ஆடம் டின்ஸ்மோர், டோனி சார்மன் 2013இல் வெளியிட்ட அறிக்கை பிரிட்டனின் ஆட்டிச ஆய்வுச் செலவைக் கணக்கெடுத்தது. 56 விழுக்காடு நிதி உயிரியல், மூளை, அறிதிறன் ஆய்வுகளுக்குச் சென்றது. சேவைகளுக்கு 5 விழுக்காடு, சமூகம் சார்ந்தவற்றுக்கு 1 விழுக்காடு. கருத்துக் கேட்கப்பட்ட 1,700க்கும் மேற்பட்டோரில் பலரும் அன்றாட வாழ்வுக்கு உதவும் ஆய்வையே வேண்டினர். 2016இல் ஆட்டிசம் உடையவர்கள், குடும்பத்தினர், தொழில்முறையாளர் கூடி வகுத்த முன்னுரிமைப் பட்டியலில் மனநலம் முதலிடம் பெற்றது.

கோட்பாட்டு மறுப்பும் உள்ளிருந்தே வந்தது. ஆட்டிசம் உடைய சமூகவியலாளர் டேமியன் மில்டன், புரிதல் முறிவுக்கு இரு தரப்பும் பொறுப்பு என்று 2012இல் எழுதினார். ஆட்டிசம் உடையவர் பிறரைப் புரிந்துகொள்ளத் திணறுவது போலவே பிறரும் அவரைப் புரிந்துகொள்ளத் திணறுகிறார்கள் என்பது அவர் வாதம். எடின்பரோவில் காதரின் கிராம்ப்டன் குழு இதைச் சோதித்தது. எட்டுப் பேர் கொண்ட ஒன்பது தொடர்களில் 72 பேர் ஒரு கதையை ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கடத்தினர். ஆட்டிசம் உடையவர் மட்டுமே இருந்த தொடர்கள் மற்றவர் தொடர்களுக்கு நிகராகச் செய்தன; கலப்புத் தொடர்களில்தான் தகவல் விரைவாகத் தேய்ந்தது. பெரிய அளவில் நடந்து 2025இல் வெளிவந்த தொடராய்வில் கலப்புக் குழுக்களின் பின்னடைவு காணப்படவில்லை. ஆனால் ஆட்டிசம் உடையவர் தம்முள் நன்றாகவே தகவல் பரிமாறுகிறார்கள் என்பது இரண்டிலும் நின்றது. சமூகம் விரும்பும் கோட்பாடாயினும் அது மறுசோதனைக்கு உட்பட வேண்டும். பங்கேற்பு ஆய்வு அந்தக் கண்டிப்பை ஏற்பதிலேயே அதன் வலிமை இருக்கிறது.

சாரா காசிடி குழுவினரின் பணி இன்னும் அவசரமானது. தற்கொலை எண்ணத்தை மதிப்பிடப் பொதுமக்களுக்கென உருவான வினாப்படிவம், ஆட்டிசம் உடையவரிடம் அதே பொருளை அளக்கவில்லை என்று அவர்கள் கண்டனர். ஒவ்வொரு கேள்வியையும் ஆட்டிசம் உடையவர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டுத் திருத்திய படிவம் 2021இல் வெளிவந்தது. உயிர் காக்கும் கருவியில் சொல் பிழைத்தால் ஆளும் பிழைக்காமல் போகலாம்.

தீராத கணக்குகள்

இந்த வளர்ச்சி நேர்கோட்டில் செல்லவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தலைமையில் 10,000 பேரின் மரபணுத் தகவலைத் திரட்டும் திட்டம் 2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. தகவல் எதற்குப் பயன்படும், யாரைக் கலந்து முடிவெடுத்தார்கள் என்று ஆட்டிசம் உடையவர்கள் எழுப்பிய எதிர்ப்பால் செப்டம்பரிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டது. திட்டம் முடிவான பின் கருத்துக் கேட்பது பங்கேற்பு ஆகாது என்பதை இந்நிகழ்வு உணர்த்திற்று.

பங்காளிகளாக அமர்ந்திருப்போர் யார் என்பதும் கேட்கப்பட வேண்டும். எழுத்தும் பேச்சும் கைவந்தவர்களே பெரும்பாலும் அழைக்கப்படுகிறார்கள். வாய்ப்பேச்சு இல்லாதவரும் அறிவுசார் குறைபாடு உடையவரும் வெளியிலேயே நிற்கிறார்கள். கவனக்குறை மிகையியக்கம், வாசிப்புத் திறன் குறைபாடு உடையவர்களோடு இத்தகைய கூட்டுழைப்பு இன்னும் குறைவு. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 நிலைகளில் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் அடங்கும். சான்றிதழுக்குப் பயன்படும் 40 கூறுகள் கொண்ட இந்திய அளவுகோலோ, பிறர் கண்டு மதிப்பிடும் கருவி. உரிமையைச் சட்டம் ஏற்றுவிட்டது. அளக்கும் முறையும் அதற்கேற்ப வளர வேண்டும். நம் உளவியல் துறைகள் ஏற்க வேண்டிய பணி இது.

முடிவுரை

எண்பதாண்டு வரலாற்றிலிருந்து மூன்று சோதனைகள் தெளிகின்றன. கேள்வியை வகுக்கும்போது ஆட்டிசம் உடையவர்கள் உடனிருந்தார்களா? கருவியின் ஒவ்வொரு சொல்லையும் அவர்கள் சரிபார்த்தார்களா? உழைப்புக்கான ஊதியமும் கட்டுரையில் பெயரும் அவர்களுக்குக் கிடைத்தனவா? இம்மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல முடியாத ஆய்வு, எத்தனை பேரிடம் தரவு திரட்டியிருந்தாலும் பங்கேற்பு ஆய்வு ஆகாது. மான்ட்ரியலில் அறிவுத்திறன் அளவும், போர்ட்லாண்டில் சோர்வின் வரையறையும், பிரிட்டனில் தற்கொலை வினாப்படிவமும் திருந்தியது, அளக்கப்படுபவர் அளப்பவருடன் சமமாக அமர்ந்ததால். அவர்களை விலக்கி நடத்தும் ஆய்வு அவர்களுக்கு அநீதி இழைக்கிறது. அதோடு, தவறான விடையைத் தரும் வாய்ப்பையும் தெரிந்தே ஏற்கிறது. இனி ஆட்டிசம் பற்றிய ஆய்வு முன்மொழிவை எடுத்துக்கொள்ளும் எந்தப் பல்கலைக்கழகக் குழுவும் மாதிரியின் அளவைக் கேட்பதற்கு முன் இம்மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்.