கன்டம் முசோ: போரை வெறுத்த கதை விளையாட்டானபோது

1979-ல் ஜப்பான் டி.வி.யில் யோஷியுகி டோமினோ இயக்கிய 'மொபைல் சூட் கன்டம்' வந்தது. ராட்சத ரோபோவை ஓட்டும் சிறுவன் அமுரோ, சண்டை முடிந்தால் துள்ளிக் குதிக்க மாட்டான், நொந்து போவான். எதிரிக்கும் பெயர், குடும்பம் எல்லாம் உண்டு. 52 வாரத் தொடர் 43-லேயே நிறுத்தப்பட்டது. மறுஒளிபரப்பில்தான் புகழ் கிடைத்தது.

2007 மார்ச்சில் அதே கதை பிளேஸ்டேஷன் 3-ல் 'கன்டம் முசோ' ஆனது. உருவாக்கியது ஒமேகா ஃபோர்ஸ். ஒற்றை வீரன் ஆயிரம் பேரை வெட்டிச் சாய்க்கும் பாணியை 2000-ல் 'ஷின் சங்கோகு முசோ' மூலம் பிரபலமாக்கியவர்கள்.

பட்டனைத் தட்டத் தட்ட ஜாக்கு ரோபோக்கள் கூட்டம் கூட்டமாக வெடிக்கும். திரையில் எண்ணிக்கை ஏறும். விளையாட ஜாலிதான்! ஆனால் தொடரில் ஒரு ஜாக்கு வெடித்தால் உள்ளே ஒரு மனிதன் சாவான். விளையாட்டில் சார் போன்ற பெரிய வீரர்களுக்கு மட்டுமே பெயர் மிஞ்சியது. மற்றவர்கள் வெறும் எண்கள். டோமினோ எதிர்த்தது இதைத்தானே?