அஞ்சுநாட்டுக் குடியானவரும் திருவனந்தபுரத்துப் பட்டயமும்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் ஓணப் பண்டிகைக்கு முந்திய நாட்களில் காய்கறி வாங்கும் நம்மவர் பலர், முட்டைக்கோசும் காரட்டும் உருளைக்கிழங்கும் தமிழகத்திலிருந்தே வருகின்றன என்று எண்ணுவர். பெரும்பகுதி அவ்வாறு வருவது உண்மையே. ஆயினும் அவற்றுள் ஒரு பங்கு கேரளத்துக்குள்ளேயே, இடுக்கி மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், தமிழ் பேசும் குடும்பங்கள் தம் கையால் விளைவித்ததாகும். அந்தக் குடியானவரின் வரலாற்றை இங்கே சுருக்கமாக நோக்குவோம்.

மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்னும் ஐந்து ஊர்களும் சேர்ந்தது அஞ்சுநாடு. அதற்கு அப்பால் மலையில் அமைந்தது வட்டவடை. மதுரைப் பக்கத்திலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் மலையேறி வந்தவர்கள் தம் முன்னோர் என்பது இம்மக்களிடையே வழங்கும் செய்தி. தென்மேற்குப் பருவமழையை மேற்கேயுள்ள சிகரங்கள் தடுத்துவிடுவதால், கேரளத்தின் ஏனைய பகுதிகளைப் போலன்றி, இங்கே வடகிழக்குப் பருவமழையே முக்கியமானது. சரிவுகளைப் படிப்படியாக வெட்டி, ஓடை நீரைத் திருப்பி, நெல்லும் ராகியும் சாமையும் கோதுமையும் விளைவித்தனர். வெள்ளைப் பூண்டு போன்ற கெடாத பொருளை மலையிறக்கி விற்று, உப்பும் துணியும் வாங்கினர்.

இந்த ஏற்பாட்டில் ஆழ்ந்த பொருளாதாரம் ஒன்று இருந்தது. கூலிச் செலவு இல்லை. வீட்டார் அனைவரும் உழைத்தனர். முதலில் விளைந்தது உணவு, மிஞ்சியதே விற்பனைக்கு. சந்தையில் விலை வீழ்ந்த ஆண்டிலும் அடுப்பு எரிந்தது. ஒரு பயிர் பொய்த்தால் மற்றொன்று கைகொடுத்தது. மலைநாட்டுக் குடும்ப விவசாயம் நிலைத்து நின்றதன் காரணம் இதுவே.

இனி, திருவனந்தபுரத்தில் எழுதப்பட்ட சாசனங்களைக் கவனிப்போம். ஆயில்யம் திருநாள் மகாராஜா ஆட்சியில், திவான் டி. மாதவராவ் காலத்தில், 1865-ஆம் ஆண்டு பண்டாரப்பாட்ட விளம்பரம் வெளியாயிற்று. சர்க்கார் நிலத்தைக் குத்தகைக்கு உழுது வந்தவர்களுக்கு அந்நிலத்தை விற்கவும் அடகு வைக்கவும் மக்களுக்கு விட்டுச்செல்லவும் உரிமை கிடைத்தது. திருவிதாங்கூர் சமவெளியில் சிறு உழவர் வர்க்கம் தலையெடுக்க இது பெருந்துணையாயிற்று.

மலையிலோ கதை வேறு. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1877-இல், ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். பரப்பு ஒரு லட்சம் ஏக்கருக்கும் மேல். அவ்விடத்தில் பின்னர் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் உழைக்கத் தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வந்தனர். கீழே உழவனுக்கு உரிமைச் சீட்டு, மேலே கம்பெனிக்கு மலைத்தொடர் என்ற இருவகை நியாயம் அக்காலத்திலேயே வேரூன்றிவிட்டது.

1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபோது, சமஸ்தானம் உணவுக்குத் தவித்தது. காடுகளில் உணவுப் பயிரிட அரசே இடமளித்தது. பின்னர் 1955-ஐ ஒட்டி, பட்டம் தாணுப்பிள்ளை அமைச்சரவை, உயர்மலைப் பகுதியில் சமவெளிக் குடும்பங்களைக் குடியேற்றும் திட்டத்தை மேற்கொண்டது. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தென் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. வட்டவடைத் தமிழர் தம் வயலை விட்டு ஓரடியும் நகரவில்லை. எனினும் வேறு மாநிலத் தமிழராக, நம்மைப் போலவே, பிறமொழியில் எழுதிய காகிதங்களைக் கையில் ஏந்தி அலுவலகப் படியேற வேண்டியவராயினர்.

நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் பயனாக 1970 ஜனவரி முதல் நாள் கேரளத்தில் குத்தகை முறை ஒழிந்தது. நில உச்சவரம்பிலிருந்து தோட்டங்களுக்கு விலக்கு இருந்தது. 1971-இல் கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கும் சட்டம் வந்தது. இத்தனைக்கும் பிறகு, தமிழில் பட்டா என்றும் இங்கே பட்டயம் என்றும் வழங்கும் அந்த உரிமைச் சீட்டு மலையில் ஐயத்துக்குரியதாகவே இருந்துவருகிறது. 2006-இல் வட்டவடை, கொட்டகாம்பூர்ப் பகுதிகளில் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதன் எல்லைக்குள் அகப்பட்ட நிலங்களில் எது உண்மைப் பட்டயம், எது போலி என்ற வழக்கு நீண்டது. பிறர் செய்த மோசடியின் சந்தேகம் நேர்மையான சிறு உழவன் மீதும் படிந்தது.

பட்டயம் தெளிவாக இல்லாதவனுக்கு வங்கிக் கடன் எளிதில் கிட்டுவதில்லை. அவன் விதைக்கும் உரத்துக்கும் வியாபாரியிடம் முன்பணம் பெறுகிறான். விளைச்சலை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே, ஒப்படைக்கிறான். முன்னோரின் தானிய வயல்களில் இன்று பெரும்பாலும் விரைவில் அழுகும் காய்கறியே விளைவதால், காத்திருந்து விற்கவும் வழியில்லை. சலித்தவர் சிலர் ஆட்கூலி வேண்டாத கிராண்டிஸ் என்னும் யூகலிப்டஸ் மரத்தை நட்டனர். மரம் ஓங்கிற்று, ஊற்றுகள் வற்றின என்று ஊரார் வருந்துகின்றனர். இப்பகுதியின் பாம்பாறு அமராவதியில் கலந்து உடுமலை, தாராபுரம் வயல்களுக்குப் பாய்வது. ஆகவே மலையுழவன் தளர்ந்தால் சமவெளி உழவனும் தளர்வான்.

நற்செய்திகளும் உண்டு. மறையூர் வெல்லத்துக்கு 2019-இலும், காந்தளூர் வட்டவடைப் பூண்டுக்கு 2022-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. 2020 நவம்பர் முதல் கேரள அரசு பதினாறு விளைபொருள்களுக்கு, உற்பத்திச் செலவுக்கு மேல் இருபது சதவீதம் சேர்த்து அடிப்படை விலை வகுத்தது. அப்பொழுது கிலோவுக்குப் பூண்டு 139 ரூபாய், காரட் 21 ரூபாய், உருளைக்கிழங்கு 20 ரூபாய் என விதித்தனர். ஆனால் கொள்முதல் செய்த காய்கறிக்குப் பணம் வர மாதக்கணக்கில் தாமதமாகிறது என்று வட்டவடை உழவர் பலமுறை முறையிட்டுள்ளனர். தாமதமான நியாய விலை, கடன்பட்டவனை மீண்டும் வியாபாரியின் வாசலுக்கே அனுப்பிவிடும்.

ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1975-லேயே மலை விவசாயிகளுக்குத் தனி ஈட்டுத்தொகை வழங்க வழிவகுத்தது. சரிவில் உழுபவன் சமவெளியானோடு விலையில் போட்டியிட இயலாது. அவன் மலையில் நிலைத்திருப்பதோ நாட்டுக்குத் தேவை என்பதே அதன் கருத்து. அஞ்சுநாட்டுக்கும் இது பொருந்தும். படிவயலைக் காத்து, ஓடையைப் பேணி, மண்ணைச் சரியவிடாமல் நிறுத்தும் குடும்பம் செய்வது பொதுத் தொண்டு. அதற்குரிய ஊதியம் காய்கறி விலையில் அடங்குவதில்லை.

1865-இன் விளம்பரம் சமவெளி உழவனுக்கு, நிலம் தன்னுடையது என்ற துணிவை அளித்தது. பிள்ளைகளுக்குச் சேரும் என்று அறிந்த நிலத்திலேதான் எவனும் கல்லடுக்கிக் கரை கட்டுவான். அந்தத் துணிவை மலையில் உள்ளவனுக்கும் ஐயத்துக்கு இடமின்றி வழங்குவதே இத்தலைநகரின் தீராத பழங்கடன்.