மெல்லிய மடிக்கணினி வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி

பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானதும் எங்கள் பகுதிகளில் பல வீடுகளுக்கு வரும் முதல் பெரிய செலவு மடிக்கணினி. வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பிய காசிலோ, நகையை அடகு வைத்தோதான் பலர் வாங்குகிறார்கள். நான்கு வருடப் படிப்பு முடியும்வரை அது தாக்குப்பிடிக்க வேண்டும். 2022இல் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது இறக்குமதியாகும் கணினிகளின் விலையும் சேர்ந்தே ஏறியது. இடையில் இன்னொன்று வாங்கலாம் என்று நம்பியிருக்க முடியாது.

ஆகவே ஆலோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, 'இதற்குப் பிறகு ராம் கூட்டலாமா?' என்பதைத்தான்.

ராம் எனப்படும் நினைவகம் இரண்டு விதமாக வரும். ஒன்று, கழற்றி மாட்டக்கூடிய சிறு பலகை. மற்றது, தாய்ப்பலகையிலேயே ஈயம் வைத்து ஒட்டப்பட்டது. மிக மெல்லிய கணினிகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான். இடமும் மின்சாரமும் மிச்சமாகும். ஆனால் வாங்கிய அளவுதான் கடைசிவரை. அப்பிளின் மக்புக் எயாரில் ராம் மட்டுமன்றி சேமிப்பகத்தையும் பின்னர் கூட்ட முடியாது. லெனோவோவின் எக்ஸ்1 கார்பனில் ராம் ஒட்டியது, எஸ்எஸ்டியை மாற்றலாம். சற்றுத் தடித்த திங்பாட் டி480இல் ராமுக்கு இரண்டு இடங்கள் உள்ளன.

மிக மலிவான மெல்லிய கணினிகளில் 'ஈஎம்எம்சி' என்று எழுதியிருந்தால் கவனம். அந்தச் சேமிப்பகமும் பலகையில் ஒட்டியதுதான். 64 ஜிபி என்றால் விண்டோஸ் புதுப்பிப்புகளுக்கே இடம் போதாமல் போகும்.

கடையில் இதைச் சோதிக்க இரண்டு நிமிடம் போதும். கணினியை இயக்கி, கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திறக்கும் டாஸ்க் மனேஜரில் பெர்ஃபோமன்ஸ், பிறகு மெமரி என்று போங்கள். ஃபோர்ம் ஃபக்டர் என்ற இடத்தில் 'சோடிம்' என்றிருந்தால் பொதுவாகக் கழற்றக்கூடியது. 'ரோ ஒஃப் சிப்ஸ்' என்றிருந்தால் ஒட்டியது. சிலவற்றில் ஒரு பகுதி ஒட்டியும் ஓர் இடம் காலியாகவும் இருக்கும். ஆகவே மொடல் இலக்கத்தை வைத்து நிறுவனத்தின் இணையத்தளத்திலும் பார்த்துவிடுங்கள்.

இனிக் கணக்கு. 8 ஜிபி ராம் இன்றைக்குப் போதும்போலத் தெரியும். சூம் வகுப்பு, பிரவுசர், வரைபட மென்பொருள் மூன்றும் ஒன்றாக ஓடும்போது அது நிரம்பிவிடும். கடைக்காரரிடம் இரண்டு விலை கேளுங்கள்: அதே கணினி 16 ஜிபியுடன் என்ன விலை, தனியாக 8 ஜிபி ராம் பலகை என்ன விலை. கழற்றக்கூடியது என்றால் இப்போது 8 ஜிபியுடன் வாங்கி, கையில் காசு வரும்போது கூட்டலாம். ஒட்டியது என்றால் 16 ஜிபியுடனேயே வாங்குங்கள். அதற்குக் காசு போதாவிட்டால் மெல்லியதை விட்டுவிட்டு, அரைக் கிலோ கூடினாலும் திறக்கக்கூடியதை எடுங்கள். எஸ்எஸ்டியையும் பற்றரியையும் மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். மூன்று நான்கு வருடத்தில் முதலில் தளர்வது பற்றரிதான்.

பாவித்த கணினி என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாவது தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசர் தேவை. ஏழாவது தலைமுறைக் கணினிக்கு எவ்வளவு ராம் போட்டாலும் இந்தக் குறை தீராது. பிரான்ஸ், ஜேர்மனியிலிருந்து உறவினர் கொண்டுவருவதாக இருந்தால் விசைப்பலகையின் எழுத்து வரிசை வேறாக இருக்கலாம். உத்தரவாதம் இலங்கையில் செல்லுமா என்பதையும் வாங்குமுன்னரே அவர்களை விசாரிக்கச் சொல்லுங்கள்.

எடை குறைந்தது பையில் சுமக்க இலகு என்பது உண்மைதான். விடுதியிலிருந்து தினமும் தூக்கிச் செல்லும் பிள்ளைக்கு அது தேவையாகவும் இருக்கலாம். அப்படியானால் தேவையான ராமை முதல் நாளே வாங்குங்கள்.