சத்தியவேடு: எல்லை மாற்ற வரலாறு

சத்தியவேடு, ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மண்டலத் தலைமையிடம். பழைய தொண்டைமண்டலத்தின் வடபகுதியான இவ்வட்டாரம் 1960 வரை சென்னை மாநிலத்தின் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் சென்றது. திருத்தணியும் அதில் அடங்கும். தமிழகத்தின் வட எல்லை வேங்கடம் என்னும் தொல்காப்பியப் பாயிரத்தைச் சான்றாகக் கொண்டு மங்கலங்கிழாரும் ம.பொ.சிவஞானமும் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினர். பின்னர் இரு மாநிலங்களுக்கும் இடையே எச்.வி.படாஸ்கர் நடுவராக அமர்ந்தார். கிராமத்தை அலகாகக் கொள்வது, பெரும்பான்மை மொழியைப் பார்ப்பது, நிலத்தொடர்ச்சி அறாமல் காப்பது என்பன அவர் கைக்கொண்ட அளவுகோல்கள். அவர் முடிவு 'படாஸ்கர் தீர்ப்பு' என வழங்கினாலும், இரு மாநிலங்களும் ஏற்று நாடாளுமன்றம் 1959ஆம் ஆண்டின் 56ஆம் சட்டமாக இயற்றியதால் இதை உடன்படிக்கை என்பாரும் உண்டு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதே நாளில், அதே சட்டப்படி சத்தியவேடு ஆந்திரத்துக்குச் சென்றது.

தமிழில் இந்நாள் பெரும்பாலும் திருத்தணி மீட்பாகவே நினைக்கப்படுகிறது. சத்தியவேட்டைச் சேர்த்துப் பார்த்தால்தான் இது கொண்டும் கொடுத்தும் முடித்த கணக்கு என்பது விளங்கும். தெலுங்கு பேசுவோர் மிகுந்த கிராமங்கள் தெலுங்கு மாநிலத்துக்குப் போனதில் குறையென்ன என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, தமிழர் திருத்தணியைக் கேட்டதற்கும் மொழியே அடிப்படை. ஆனால் ஒரே தெருவில் இரு மொழி புழங்கும் ஊரை ஏதேனும் ஒரு பக்கம் சேர்த்தே ஆகவேண்டும். எண்ணிக்கையில் குறைந்தவரின் பள்ளிமொழிக்கும் அலுவல்மொழிக்கும் தலையெண்ணிக்கை விடை தராது. இங்கே மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், எல்லைக்கோடு நகர்ந்தது. ஆகவே இவர்களுக்குத் திரும்பிப் போக வேறு ஊர் இல்லை. இருக்கும் ஊரிலேயே தம் மொழிக்கு இடம் வேண்டும்.

கோடு நகர்ந்தாலும் இரு பக்கத்துக்கும் தொடர்பு அறவில்லை. தமிழ்நாட்டு எல்லையூரான ஊத்துக்கோட்டையை அடுத்து, எல்லைக்கு அப்பால் ஆரணியாற்றங்கரையில் சுருட்டப்பள்ளிச் சிவன் கோயில் இருக்கிறது. நஞ்சுண்ட களைப்பில் அம்மன் மடியில் தலைவைத்துப் பள்ளிகொண்ட சிவனை வேறெங்கும் காண்பது அரிது. பிரதோஷத்தன்று தமிழ்நாட்டிலிருந்து பக்தர்கள் எல்லை கடந்து அங்கே திரள்கிறார்கள். 1983 உடன்படிக்கைப்படி சென்னைக்கு வரும் கிருஷ்ணா நீரும் ஊத்துக்கோட்டை அருகேதான் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது.

சத்தியவேடு வட்டாரத்தில் ஸ்ரீசிட்டி தொழில்நகரம் அண்மைக்கால வளர்ச்சி. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் அமைந்தபோது சத்தியவேடு அதில் சேர்ந்தது.