ஐந்து புள்ளிகளின் வரலாறு

வாளையாற்றுக்குக் கிழக்கே, கோயம்புத்தூரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவரைச் சேர்த்துக்கொண்ட ஜோர்டான் அணி, அவ்வாண்டுதான் ஃபோர்டு எஞ்சினைக் கைவிட்டு டொயோட்டாவுக்கு மாறியிருந்தது.

அவ்வாண்டு ஜூன் 19 அன்று இண்டியானாபொலிசில், மிச்செலின் டயர் பூட்டிய அணிகள் பாதுகாப்புக் கருதி விலகின. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய 6 கார்களே ஓடின. நரேன் நான்காமிடம் பெற்றார். அதில் கிடைத்த 5 புள்ளிகளே அவரது ஃபார்முலா ஒன் வாழ்வின் மொத்தப் புள்ளிகள்.

2006இல் ஜோர்டான் அணி மிட்லாண்டாகப் பெயர் மாறியது. நரேன் வில்லியம்சில் சோதனை ஓட்டுநரானார். வில்லியம்சும் அப்போதுதான் பிஎம்டபிள்யூவை விட்டுக் காஸ்வொர்த் எஞ்சினுக்கு மாறியிருந்தது. 2011இல் எச்ஆர்டி அணியில், பருவத்தின் நடுவிலேயே அவரது இருக்கை டேனியல் ரிக்கார்டோவுக்குச் சென்றது.

ஆகவே ஓர் ஓட்டுநரின் வரலாற்றைத் திறமையைக் கொண்டு மட்டும் எழுதிவிட இயலாது. அணிகளின் ஒப்பந்தங்களையும் உடன்வைத்தே வாசிக்க வேண்டும்.